கார்ட் டோட்டல் தப்பா வருதா? எந்த வழிய முதல்ல எடுக்கலாம், எத கடைசிக்குத் தள்ளலாம்

ஆன்லைன் கடை வச்சிருக்கறவங்கள கடுப்பேத்துற விஷயத்துல முதல் வரிசைல நிக்கறது இது தான். பொருளோட விலை சரியா இருக்கு, எண்ணிக்கை சரியா இருக்கு, கார்ட்ல (வாங்கப் போற பொருள்கள் சேர்ற கூடை) கீழ வர்ற டோட்டல் மட்டும் தப்பா வருது. யார்கிட்ட கேட்டாலும் அதே மூணு பதில் தான், கேஷ (வேகத்துக்காக சேமிச்சு வச்ச பழைய நகல்) கிளியர் பண்ணுங்க, ப்ளகின் (கடைல கூடுதலா மாட்டின சாஃப்ட்வேர் துண்டு) எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் பாருங்க, தீம (கடையோட தோற்றம்) மாத்திப் பாருங்க. மூணும் தப்புன்னு சொல்ல வரல. ஆனா கணக்கு எப்படித் தப்புதுன்னே பாக்காம இதுல இறங்கினா அரை நாள் போயிடும், நடுவுல எதையோ தட்டினதுல டோட்டல் சரியான மாதிரி தெரியும், எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது, அடுத்த அப்டேட்ல திரும்ப வந்து நிக்கும்.

நான் பாத்த வரைக்கும் கையில இருக்கற வழி ஆறு. ப்ளகின் சண்டையக் கண்டுபிடிக்கறது, கேஷ சரி பண்றது, ரவுண்டிங் செட்டிங்க மாத்தறது, ப்ரௌசர்லயே ஒரு ஸ்க்ரிப்ட் போட்டு நம்பரத் திருத்தறது, செர்வர் பக்கம் கணக்கையே திரும்ப எழுதறது, கடைசியா கடையவே வேற ப்ளாட்ஃபார்முக்குத் தூக்கிட்டுப் போறது. இதுல எது உங்களுக்குன்னு அந்தத் தப்பு நம்பரப் பாத்தே பாதி சொல்லிடலாம். அதனால எதையும் தொடறதுக்கு முன்னாடி ஒரு கார்ட எடுத்து பேப்பர்ல கணக்கு போடுங்க, பொருள் வரி வரியா, கூப்பன், ஷிப்பிங், டாக்ஸ்னு தனித்தனியா. அப்புறம் நாலு இடத்துல என்ன நம்பர் வருதுன்னு எழுதுங்க: மேல மூலைல இருக்கற மினி கார்ட், கார்ட் பேஜ், செக்கவுட் பேஜ், ஆர்டர் ஆனதுக்கப்புறம் சேவ் ஆன தொகை. நாலாவதுக்கும் பேமெண்ட் கேட்வேக்கு (காசு வசூல் பண்ற சர்வீஸ்) போன தொகைக்கும் வித்தியாசம் இருந்தா அதையும் எழுதுங்க. எந்த இடத்துல முதல் தடவையா பேப்பர் கணக்குல இருந்து விலகுதோ அங்க தான் வேலை, அதுக்குப் பின்னாடி வர்ற எல்லா தப்பும் அதோட வாரிசு.

எவ்வளவு விலகுதுங்கறதும் பேசும். 0.01, 0.02ன்னு சில்லறையா விலகினா ரவுண்டிங். ஒரு பொருளோட விலை அப்படியே கூடியோ குறைஞ்சோ இருந்தா பழைய நம்பர் எங்கயோ தங்கியிருக்கு, இல்லன்னா ஆட் பட்டன் ரெண்டு தடவ அழுந்தியிருக்கு. லாகின் பண்ணதும் எண்ணிக்கை டபுள் ஆனா, கெஸ்ட்டா சேர்த்த கார்டையும் அக்கவுண்ட்ல ஏற்கனவே இருந்த கார்டையும் ஒட்டற இடத்துல கோளாறு. 100 மடங்கு வந்தா தசம இடத்துல குழப்பம், ஷாப்பிஃபைங்கற கடை ப்ளாட்ஃபார்மோட கார்ட் ஜேசன் (கார்ட் விவரத்த கோடுக்குக் குடுக்கற ஃபார்மட்) தொகைய பைசா மாதிரி சின்ன யூனிட்ல தான் குடுக்கும், 1299.50ங்கறது 129950ன்னு வரும், தீம்ல யாராவது 100ஆல வகுக்க மறந்தா அப்படியே காட்டும். 100ம் 50ம் சேர்ந்து 150 வராம 10050 வந்தா அது ஜாவாஸ்க்ரிப்ட், நம்பர்னு நெனச்சு ரெண்டு ஸ்ட்ரிங்க ஒட்டியிருக்காங்க.

இன்னொண்ணும் இருக்கு, இதுல தான் நிறைய பேர் நேரத்தத் தொலைக்கறாங்க: டோட்டல் தப்பே இல்லாம இருக்கறது. கார்ட் பேஜ்ல ஒரு தொகை, செக்கவுட்ல அட்ரஸ் போட்டதும் வேற தொகைன்னா அது பெரும்பாலும் தப்பு இல்ல, எந்த ஊருக்குப் போகுதுன்னு தெரியாம டாக்ஸும் ஷிப்பிங்கும் போட முடியாது. வூகாமர்ஸ்ல (வேர்ட்ப்ரஸ் மேல ஓடற கடை ப்ளகின்) விலைய டாக்ஸோட சேர்த்து எழுதி வச்சிருந்தா இன்னும் குழப்பும், வாங்கறவரோட ஊர்ல டாக்ஸ் ரேட் வேறன்னா அது கடையோட ரேட்டக் கழிச்சுட்டு அந்த ஊர் ரேட்ட ஏத்தும், அதனால ஒரே பொருள் ரெண்டு பேருக்கு ரெண்டு விலையா தெரியும். இது பிடிக்கலன்னா அத மாத்தறதுக்கு ஃபில்டர்னு ஒரு கோட் வசதி இருக்கு, ஆனா இதுக்குப் போயி ப்ளகின ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருந்தா ஆயுசுக்கும் சரியாகாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ப்ளகின் ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாக்கறது எல்லாரும் சொல்ற வழி, காரணம் அதுக்கு கோட் தெரிய வேண்டாம். நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சு, ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் தான் மாறிச்சுன்னா இது நல்ல வழி தான், சந்தேகமே இல்ல. ஆனா லைவ் கடைல பண்ணாதீங்க. கூப்பன் ப்ளகின ஆஃப் பண்ண அந்த அஞ்சு நிமிஷத்துல யாராவது செக்கவுட் பண்ணா அவங்களுக்கு தள்ளுபடி இல்லாம பில் போகும், டாக்ஸ் ப்ளகினா இருந்தா டாக்ஸ் இல்லாம போகும், அப்புறம் அத சரி பண்றது தனி வேலை. ஸ்டேஜிங் காப்பி, அதாவது கடையோட சோதனை நகல் எடுத்து அதுல பண்ணுங்க. ஒவ்வொண்ணா பண்றதுக்கு பதிலா பாதிப் பாதியா பண்ணுங்க, 16 ப்ளகின் இருந்தா முதல்ல 8ஐ ஆஃப் பண்ணுங்க, தப்பு இருக்கா போயிடுச்சான்னு பாத்து எந்தப் பாதின்னு முடிவு பண்ணி அதுல பாதி, இப்படிப் போனா நாலு சுத்துல ஆள் சிக்கிடுவான்.

இந்த வழியோட குறை என்னன்னா, யார்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. ரெண்டு ப்ளகின் தனித்தனியா ஒழுங்கா இருக்கும், சேர்ந்தா தான் தப்பும், அப்ப பாதிப் பாதியா பிரிக்கறதும் குழப்பும். வூகாமர்ஸ்ல இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. டோட்டல் கணக்கு போடறதுக்கு முன்னாடி ஓடற ஒரு ஹுக் (வேற கோட் வந்து மாட்டிக்கற இடம்) இருக்கு, தள்ளுபடி ப்ளகின்களும், தீமோட ஃபங்க்ஷன்ஸ் ஃபைல்ல யாரோ ஒட்டின துண்டு கோடும் அங்க தான் விலைய மாத்தும். அந்த ஹுக் ஒரே ரிக்வெஸ்ட்ல ஒரு தடவைக்கு மேல ஓடலாம். கார்ட்ல இப்ப இருக்கற விலைய எடு, 10 சதவீதம் கழி, திரும்ப வைன்னு எழுதியிருந்தா 1000 முதல் சுத்துல 900, ரெண்டாவதுல 810, மூணாவதுல 729. நீங்க ப்ளகின ஆஃப் பண்ணா சரியாகும், ஆன் பண்ணா தப்பும், அதனால ப்ளகின் மட்டம்னு தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குவீங்க, ஆனா உண்மைல டோட்டல இன்னொரு தடவ ஓட வச்சது வேற எதோ ஒண்ணா இருக்கலாம். கோட் கையில இருந்தா வைத்தியம் ஒரு வரி தான், கார்ட்ல இருக்கற விலைய எடுக்காம ஒவ்வொரு தடவையும் பொருளோட அசல் விலைய டேட்டாபேஸ்ல இருந்து புதுசா எடுத்து அதுல தள்ளுபடி போடணும், அப்ப எத்தன தடவ ஓடினாலும் 900 தான். அதனால 81 சதவீதம், 72.9 சதவீதம் மாதிரி நம்பர் கண்ணுல பட்டா பாதிப் பாதி விளையாட்டெல்லாம் விட்டுட்டு நேரா தள்ளுபடி கோடுக்குப் போயிடுங்க.

கேஷ் விஷயம் வேற மாதிரி. இதுல கணக்கு சரியா தான் நடந்திருக்கும், நீங்க பாக்கற நம்பர் தான் பழசு. ரிஃப்ரெஷ் பண்ணா சரியாகுது, இன்காக்னிட்டோல சரியா வருது, போன்ல ஒண்ணு லேப்டாப்ல ஒண்ணு, மினி கார்ட்ல ஒரு தொகை கார்ட் பேஜ்ல இன்னொரு தொகைன்னு வந்தா இது தான். வூகாமர்ஸ்ல பழைய மாதிரி மினி கார்ட் விட்ஜெட் தன்னோட துண்ட ப்ரௌசரோட செஷன் ஸ்டோரேஜ்ல வச்சுக்கும், அத புதுப்பிக்கற ஏஜாக்ஸ் அழைப்ப (பேஜ திரும்பத் திறக்காம பின்னாடி போற ரிக்வெஸ்ட்) ஏதாவது ஸ்பீட் ப்ளகின் தாமதப்படுத்தினாலோ தடுத்தாலோ பழசே நிக்கும். இதவிட மோசமானது முழு பேஜ் கேஷ், செர்வர்லயோ சிடிஎன்லயோ (பேஜ பல ஊர்ல நகல் வச்சுக் குடுக்கற சர்வீஸ்) கார்ட் பேஜையே சேமிச்சு வச்சு அடுத்த ஆளுக்குக் குடுக்கறது. அடுத்தவங்களோட கார்ட் எனக்குத் தெரியுதுன்னு யாராவது புகார் குடுத்தா அத டோட்டல் பிரச்சனைன்னு எடுத்துக்காதீங்க, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் வெளிய போயிருக்கலாம்னு அர்த்தம், அந்த நிமிஷமே முழு பேஜ் கேஷ நிறுத்திட்டு அப்புறம் யோசிங்க.

இங்க ரெண்டு தேர்வு இருக்கு, கிளியர் பண்றது, விலக்கு குடுக்கறது. கிளியர் பண்றது வைத்தியமே இல்ல, அடுத்த ஆள் வந்து பேஜ திறந்ததும் திரும்ப சேமிச்சிடும். விலக்கு தான் சரி. கார்ட், செக்கவுட், அக்கவுண்ட் பேஜ் மூணையும், கார்ட் சம்பந்தமான ஏஜாக்ஸ் முகவரிகளையும் கேஷ் ப்ளகின்லயும் சிடிஎன்லயும் ரெண்டு இடத்துலயும் விலக்கணும், ஒண்ணுல மட்டும் பண்ணிட்டு இன்னொண்ண மறக்கறது தான் வழக்கமா நடக்கறது. சரியா ஆச்சான்னு பாக்க ப்ரௌசர்ல டெவலப்பர் டூல்ஸ் திறந்து நெட்வொர்க் டேப்ல கார்ட் பேஜோட ஹெடர்கள (பதிலோட வர்ற குறிப்புகள்) பாருங்க, ஏஜ்னு (Age) ஒரு ஹெடர்ல நம்பர் ஏறிட்டே இருந்தா, இல்ல க்ளவுட்ஃப்ளேர் கேஷ் ஸ்டேட்டஸ்ல ஹிட்னு வந்தா, இன்னும் எவனோ சேமிக்கறான். நோ ஸ்டோர்னு (no-store, சேமிக்காதேன்னு அர்த்தம்) கேஷ் கன்ட்ரோல் ஹெடர் வரணும். இதுக்கு ஆகற செலவு அந்த மூணு பேஜ் கொஞ்சம் மெதுவா திறக்கும், அவ்ளோ தான், அதுக்காக ஸ்பீட் ஸ்கோர் குறையுதேன்னு கவலப்படறவங்களப் பாத்தா எனக்கு சிரிப்பு வரும், தப்பு தொகைய வேகமா காட்டி என்ன ஆகப் போகுது.

ரெடிஸ் மாதிரி ஆப்ஜெக்ட் கேஷ் (டேட்டாபேஸ்ல இருந்து எடுத்தத மெமரில சேமிக்கறது) வச்சிருந்தா இன்னொரு இடம். டேட்டாபேஸ்ல நேரா போயி விலைய மாத்தினாலோ, வெளிய இருந்து ஒரு ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதினாலோ, கடைக்கு மாறினது தெரியாது, பழைய விலையவே வச்சு கணக்கு போடும். இதுல ரிஃப்ரெஷ் பண்ணாலும் சரியாகாது, அதனால ஆளுங்க இது கேஷ் இல்லன்னு முடிவு கட்டிடுவாங்க.

அடுத்தது ரவுண்டிங் செட்டிங். இது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம், ஏன்னா இங்க ரெண்டு பதிலும் சரியா இருக்கும். 10.30 விலை உள்ள பொருள், டாக்ஸ் 5 சதவீதம். ஒண்ணுக்கு டாக்ஸ் 0.515, பாதி வந்தா மேல ஏத்தற முறைல 0.52. பத்து வாங்கினா, ஒண்ணுக்கு ரவுண்ட் பண்ணி பெருக்கினா 5.20. பத்துக்கும் சேர்ந்த மொத்தத்துக்கு அதாவது 103.00க்கு டாக்ஸ் போட்டா 5.15. வித்தியாசம் 0.05. ரெண்டு பேரும் கணக்கு தெரிஞ்சவங்க தான், ஒருத்தர் முதல்ல ரவுண்ட் பண்ணார், இன்னொருத்தர் கடைசில பண்ணார். விலை டாக்ஸோட சேர்ந்தது, 20 சதவீதம்னு வச்சுக்கோங்க, 100ல இருந்து பிரிச்சா 83.33ம் 16.67ம். மூணு பொருளுக்கு தனித்தனியா பிரிச்சு கூட்டினா 249.99ம் 50.01ம், மொத்தமா 300அ பிரிச்சா 250.00ம் 50.00ம். கஸ்டமர் குடுக்கற தொகை ஒண்ணு தான், ஆனா இன்வாய்ஸ் சாஃப்ட்வேர்ல ஒத்து வராது, அக்கவுண்டன்ட் போன் பண்ணுவார்.

இதுக்கு கோட் எழுதாதீங்க, செட்டிங் இருக்கு. வூகாமர்ஸ்ல டாக்ஸ் பக்கத்துல லைன் லைனா ரவுண்ட் பண்ணாம சப்டோட்டல்ல ரவுண்ட் பண்ணுன்னு ஒரு டிக் இருக்கும். மெஜென்டோங்கற இன்னொரு கடை சாஃப்ட்வேர்ல மூணு தேர்வு, யூனிட் விலை மேல, ஒரு லைனோட மொத்தம் மேல, முழு டோட்டல் மேல. எத வைக்கணும்ங்கறது ருசி விஷயம் இல்ல, உங்க இன்வாய்ஸ் சாஃப்ட்வேர் எப்படி போடுதோ, உங்க நாட்டோட டாக்ஸ் விதி என்ன சொல்லுதோ அதப் பாத்து வைங்க. கார்ட்ல ஒண்ணு, இன்வாய்ஸ்ல ஒண்ணுன்னு இருந்தா 0.01 வித்தியாசம் வந்துட்டே தான் இருக்கும். ஒரு எச்சரிக்கை, மாத்தறதுன்னா பில்லிங் மாசம் முடிஞ்சு புது மாசம் தொடங்கும் போது மாத்துங்க, நடுவுல மாத்திட்டா பழைய ஆர்டருக்கு பாதி ரீஃபண்ட் குடுக்கும் போது பழைய முறையும் புது முறையும் மோதும்.

இந்த மூணு வழியும் கோட் தெரியாதவங்களே பண்ணிக்கலாம், விலையும் கம்மி. நாலாவதா சொன்ன ப்ரௌசர் ஸ்க்ரிப்ட் வழிய சொல்லவே வேண்டாம்னு பாத்தேன், ஆனா நெட்ல தேடினா முதல்ல கிடைக்கறது அது தான். டோட்டல் இருக்கற இடத்த ஜாவாஸ்க்ரிப்ட்ல பிடிச்சு, ஒவ்வொரு பொருளோட விலையப் படிச்சு, கூட்டி, திரும்ப எழுதறது. நம்பர் சரியா தெரியும், புகார் நின்னுடும், ஆனா செர்வர் பழைய தப்பு தொகையத் தான் கேட்வேக்கு அனுப்பும். சுவத்துல விரிசல் இருக்கற இடத்துல காலண்டர மாட்டி வைக்கற கத தான். அதோட நிக்காது, பேஜ்ல எழுதியிருக்கற விலையப் படிக்கும் போது 1,299.50ங்கறத, எழுத்த நம்பரா மாத்தற பார்ஸ்ஃப்ளோட்ல போட்டா 1ன்னு வரும், கமாவப் பாத்ததும் நிறுத்திடும். கமாவ தசமப் புள்ளியா எழுதற நாட்டு ஃபார்மட்ல 1.299,50ன்னு இருந்தா 1.299. அதவிட ஆபத்து, அந்தக் கூட்டின தொகைய மறைஞ்ச ஃபீல்ட்ல வச்சு செர்வருக்கு அனுப்பி, செர்வரும் அத நம்பினா, டெவலப்பர் டூல்ஸ் திறக்கத் தெரிஞ்ச யார் வேணா விலைய 1ன்னு மாத்தி வாங்கிட்டுப் போயிடுவாங்க. ப்ரௌசர்ல இருந்து வர வேண்டியது எந்தப் பொருள், எத்தன, எந்த கூப்பன் கோட், இவ்ளோ தான். விலை ஒரு நாளும் அங்க இருந்து வரக் கூடாது.

அதுக்காக ப்ரௌசர்ல கணக்கே கூடாதுன்னு இல்ல. எண்ணிக்கை பட்டன அழுத்தினதும் செர்வர் பதிலுக்காக ஆள நிக்க வச்சா எரிச்சலா இருக்கும், அதனால ஒரு உத்தேசத் தொகைய உடனே காட்டிட்டு செர்வர் நம்பர் வந்ததும் அதால மாத்திடலாம், நான் அதுக்குத் தான் ஓட்டு போடுவேன். ஆனா இங்க ஒரு குழி இருக்கு. ஒருத்தர் கூட்டல் பட்டன டக்கு டக்குன்னு மூணு தடவ அழுத்தறார், மூணு ரிக்வெஸ்ட் போகுது, எண்ணிக்கை 2, 3, 4ன்னு. பதில் அதே வரிசைல வரணும்னு ஒண்ணும் இல்ல, 4க்கான பதில் முதல்ல வந்து 3க்கான பதில் கடைசில வந்தா எண்ணிக்கை 4ன்னும் டோட்டல் 3க்கும் நிக்கும். டெஸ்ட் பண்றவர் நிதானமா அழுத்துவார், அவருக்கு வரவே வராது, மெதுவான நெட்ல இருக்கற கஸ்டமருக்கு மட்டும் வரும், அதனால தான் இது எப்பவாவது தப்புது, எங்களால வரவைக்க முடியலன்னு புலம்பலா வருது. புது ரிக்வெஸ்ட் போகும் போது பழசக் கேன்சல் பண்றது, இல்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரிசை நம்பர் குடுத்து பழைய பதிலத் தூக்கி எறியறது, இல்ல கொஞ்ச நேரம் பொறுத்து கடைசி எண்ணிக்கைய மட்டும் அனுப்பறது, மூணுல எது பண்ணாலும் சரி. டெவலப்பர் டூல்ஸ்ல நெட்வொர்க் வேகத்தக் குறைச்சு வச்சுட்டு பட்டன அடிச்சுப் பாத்தா சில நிமிஷத்துலயே சிக்கும்.

செர்வர் கணக்கையே திரும்ப எழுதறது கடைய சொந்தமா கோட் பண்ணவங்களுக்கு மட்டும். வூகாமர்ஸ், மெஜென்டோ மாதிரி ஒண்ணு வச்சிருக்கறவங்க இந்தப் பக்கம் வரவே வேண்டாம், அதுங்களோட கணக்கு இயந்திரம் வருஷக் கணக்கா அடி வாங்கிப் பழுத்தது, நீங்க அதுக்கு மேல ஒரு கணக்கு எழுதினா ரெண்டு கணக்கு ஆகும், பிரச்சனையும் ரெண்டாகும். சொந்தக் கோடா இருந்தா முதல்ல பாக்க வேண்டியது பணத்த எந்த வகைல வச்சிருக்கீங்கன்னு. ஃப்ளோட்ல (தசம எண்ண பைனரில தோராயமா வைக்கற வகை) வச்சிருந்தா அங்கயே கத முடிஞ்சுது. 0.1ம் 0.2ம் கூட்டினா 0.30000000000000004ன்னு வர்றது எல்லாரும் ஜோக்கா சொல்றது தான், 1985ல வந்த ஐஇஇஇ 754 தரத்துப்படி பைனரில 0.1அ துல்லியமா எழுத முடியாது, அதனால இந்த மாதிரி ஃப்ளோட் பயன்படுத்தற பல மொழிலயும் வரும். ஆனா கடைல அடிக்கறது இந்த ஜோக் இல்ல, 19.99அ 100ஆல பெருக்கினா 1998.9999999999998 வரும், அத முழு எண்ணா வெட்டினா 1998, ஒரு சில்லறை காணாமப் போச்சு. 1.005அ ரெண்டு தசமத்துக்கு ஜாவாஸ்க்ரிப்ட்ல வழக்கமா பண்ற மாதிரி 100ஆல பெருக்கி ரவுண்ட் பண்ணி வகுத்தா 1.01 வராது, 1 தான் வரும்.

மாத்து வழி ரெண்டு. எல்லாத் தொகையையும் சின்ன யூனிட்ல முழு எண்ணா வைக்கறது, இல்ல டெசிமல் வகைய (தசமத்த துல்லியமா வைக்கற வகை) பயன்படுத்தறது. முழு எண் வேகம், எந்த மொழிலயும் இருக்கு, கேட்வேகள்ல பலதும் அப்படித் தான் தொகையக் கேக்கும். ஆனா எல்லாக் கரன்சிக்கும் 100ன்னு நெனச்சு எழுதக் கூடாது, ஐஎஸ்ஓ 4217 பட்டியல்ல ஜப்பான் யென்னுக்கு தசமமே கிடையாது, குவைத் தினாருக்கு மூணு தசமம். யென்ன 100ஆல பெருக்கி ஸ்ட்ரைப் கேட்வேக்கு அனுப்பினா 100 மடங்கு பணம் எடுக்கும். டெசிமல் வகைல இந்தத் தலைவலி கம்மி, இடையில நாலு தசமம் வரைக்கும் வச்சுட்டு கடைசில ரவுண்ட் பண்ணலாம், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்ல டெசிமல் வகை அதுக்குத் தான் இருக்கு. டாக்ஸும் சதவீதத் தள்ளுபடியும் அதிகம் உள்ள கடைக்கு டேட்டாபேஸ்லயும் கணக்குலயும் டெசிமல், கேட்வேக்கு அனுப்பற வாசல்ல மட்டும் முழு எண், இது தான் என் தேர்வு. விலைய அப்படியே கூட்டறது தவிர வேற வேலை இல்லாத சின்னக் கடைக்கு முழு எண்ணே போதும்.

வகைய மாத்தினதோட வேலை முடியாது. ரவுண்டிங் முறை மொழிக்கு மொழி வேற, பைத்தான்ல ரவுண்ட்ல 2.5 போட்டா 2 வரும், பாதி வந்தா இரட்டை எண் பக்கம் சாயும், ஜாவாஸ்க்ரிப்ட்லயும் பிஎச்பிலயும் 3 வரும். முன்பக்கம் ஒரு மொழி பின்பக்கம் ஒரு மொழின்னு இருந்தா இங்கயே 0.01 வந்துடும். அப்புறம் கூப்பன் வரிசை, 1000க்கு 10 சதவீதக் கூப்பனும் 100 கழிக்கற கூப்பனும் சேர்ந்தா, சதவீதம் முதல்லன்னா 800, கழித்தல் முதல்லன்னா 810. ரெண்டும் சரி, கடைக்காரர் எது வேணும்னு முடிவு பண்ணி எழுதி வைக்கணும், அது டெவலப்பர் எடுக்கற முடிவு இல்ல. 10 தள்ளுபடிய ஒரே விலை உள்ள மூணு பொருளுக்குப் பிரிச்சா 3.33 மூணு தடவ, 9.99, மிச்சம் 0.01 எங்க? ஏதாவது ஒரு பொருளுக்கு அந்த மிச்சத்தக் குடுத்து 3.34 ஆக்கணும், எப்பவும் ஒரே விதிப்படி குடுக்கணும், இல்லன்னா அந்தப் பொருளத் திருப்பிக் குடுக்கும் போது ரீஃபண்ட் தொகை ஒத்து வராது.

ப்ளாட்ஃபார்ம் மாறறது பத்தி நிறைய சொல்ல இல்ல. டோட்டல் தப்பா வருதுன்னு மட்டும் மாறாதீங்க. ஷாப்பிஃபை மாதிரி இடத்துல செக்கவுட் கணக்கு உங்க கையில இருக்காது, அது நிம்மதியும் தான், கட்டும் தான், உங்க தள்ளுபடி விதிகள் அவங்க குடுக்கற வரம்புக்குள்ள அடங்குதான்னு முதல்ல பாருங்க. அடங்கலன்னா திரும்பவும் ஆப் மேல ஆப் போடுவீங்க, பழைய ப்ளகின் சண்டை புது ஊர்ல தொடங்கும். சொந்தக் கோட் எழுதின ஆள் போயிட்டார், தொட ஆளில்ல, டாக்ஸ் விதியும் மாறிட்டே இருக்குன்னா மாறறது நியாயம்.

எனக்கு இதுல ஒண்ணு தான் உறுத்தும், தொகைய கணக்கு போடற இடம் எத்தனன்னு. மினி கார்ட் தனியா கூட்டுது, செக்கவுட் தனியா கூட்டுது, ஈமெயில் டெம்ப்ளேட் தனியா கூட்டுதுன்னு இருந்தா எந்த வழிய எடுத்தாலும் ஆறு மாசத்துல இன்னொரு மூலைல தப்பும். செர்வர்ல ஒரே இடம் கூட்டணும், மத்த எல்லாம் அந்த நம்பர வாங்கிக் காட்டணும். வழிய ஒவ்வொண்ணா எடை போடும் போது இந்த இடங்கள அது குறைக்குதா கூட்டுதான்னு பாருங்க, ஸ்க்ரிப்ட் வழி கூட்டுது, கேஷ் விலக்கு கூட்டவும் இல்ல குறைக்கவும் இல்ல, செர்வர்ல திரும்ப எழுதறது ஒழுங்கா பண்ணா குறைக்குது.

கடை ஓடிட்டிருக்கும் போதே தப்பு தெரிஞ்சா அந்த நேரத்துக்கு என்ன பண்றதுன்னும் யோசிக்கணும். பேப்பர் கணக்குல விலகல் கூப்பன்லயோ தள்ளுபடிலயோ தான்னு தெரிஞ்சா அத மட்டும் நிறுத்தி வைங்க, கடைய மூட வேண்டாம். டாக்ஸ்ல தப்புன்னா செக்கவுட்ட நிறுத்தறது நல்லது, ஏன்னா டாக்ஸ் தப்பா வாங்கின பில்ல அப்புறம் திருத்தறது ரீஃபண்ட விட பெரிய தலைவலி. ஆர்டர் சேவ் ஆன தொகையும் கேட்வே தானா அனுப்பற வெப்ஹுக் தகவல்ல வந்த தொகையும் ஒண்ணா இல்லன்னா அந்த ஆர்டர தானா உறுதி பண்ணாம பிடிச்சு வைக்கற மாதிரி ஒரு செக் போட்டுடுங்க, சின்னக் கோட் தான்.

சரி பண்ணதுக்கு அப்புறம் அந்தத் தப்பு கார்டையே ஒரு டெஸ்டா வச்சுக்கோங்க, கூடவே இன்னும் சிலது: 10.30 விலைல பத்து, ரெண்டு கூப்பன் சேர்ந்தது, மூணு பொருளுக்கு 10 தள்ளுபடி, கெஸ்ட்டா சேர்த்து அப்புறம் லாகின் பண்ணது, எண்ணிக்கைய 0ஆக்கினது, கார்ட்ல வச்சுட்டு இருக்கும் போது விலை மாறின பொருள். கடைசில சொன்னதுக்கு மட்டும் பழைய விலையா புது விலையான்னு நீங்க தான் முடிவு பண்ணணும், பெரும்பாலான இடத்துல புது விலைய வச்சு, விலை மாறிடுச்சுன்னு கார்ட்ல ஒரு வரி காட்டறாங்க. ப்ளகினோ தீமோ அப்டேட் பண்றதுக்கு முன்னாடி ஸ்டேஜிங்ல இத ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் லைவ்ல அப்டேட் பட்டன அழுத்துங்க.